மொரிசியஸில் இருந்துகொண்டு தமிழில் வலைப்பூ தொடங்கினால் யார் படிப்பார்கள்?

தமிழில் தனிப்பட்ட வலைப்பூ ஒன்றைத் தொடங்க விரும்புவதாகவும், வீட்டுக்கு வீடு கிரியோல் பேசும் இத்தீவில் அதை யார் படிப்பார்கள் என்ற தயக்கம் தடுப்பதாகவும், பேசாமல் பிரெஞ்சிலேயே எழுதிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ரோஸ் ஹில் பகுதியில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. 2017 முதல் வலைப்பூ எழுதி வருகிறேன். முதல் மூன்று மாதங்களில் அதைப் படித்தவர்கள் இருவர்: என் தங்கையும், உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரும். உங்களுக்கும் தொடக்கம் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும்.

உங்கள் தயக்கம் நியாயமானது. நம் ரூபாய்த் தாள்களில் தொகை தமிழிலும் அச்சிடப்பட்டுள்ளது. 1998இல் வந்த புதிய தாள்களில் தமிழ் வரி ஒரு படி கீழே இறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாக, மத்திய வங்கி அவற்றைத் திரும்பப் பெற்றது. அவ்வளவு உரிமையுணர்வு கொண்ட சமூகத்திலும் அந்த வரியைத் தடங்கலின்றிப் படிக்கக்கூடியவர்கள் குறைவு. என்னிடம் நன்றாகப் படித்த பிள்ளைகளே, பள்ளியை விட்டபின் தமிழில் படிக்க எதுவும் கைக்குக் கிடைக்காமல் எழுத்தை மறந்துவிடுவதைப் பார்க்கிறேன். அது எனக்கு ஆறாத வருத்தம். நான் எழுதத் தொடங்கியதும் அதனால்தான்.

எனக்கு வாசகர் வந்தது நான் எதிர்பாராத வழியில். நம் குடும்பப் பெயர்கள் பதிவேடுகளில் ஏறியபோது உருமாறிப்போயின அல்லவா? ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனது; அருணாசலம் 'அர்னாசெலம்' ஆனது. இவற்றைப் பற்றி ஒரு பதிவு எழுதி, ஒவ்வொரு பெயரையும் தமிழில் தந்து, பக்கத்திலேயே பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பிரெஞ்சு எழுத்திலும் தந்து, முடிவில் நான்கு வரிப் பிரெஞ்சுச் சுருக்கம் ஒன்றையும் சேர்த்திருந்தேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதற்கு ஒரு மறுமொழியும் வரவில்லை. பிறகு பிரெஞ்சு வழங்கும் அண்டைத் தீவான ரெயூனியனிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். தம் தாத்தாவின் பெயரைத் தேடியபோது அப்பதிவு கிடைத்ததாகவும், அருணாசலம் என்பது திருவண்ணாமலையின் மறுபெயர் என்பதைத் தம் குடும்பத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை என்றும் சொன்னார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆயினும் நான் எழுதியது அவரிடம் போய்ச் சேர்ந்தது.

ஆகவே தமிழை விட்டுவிடாதீர்கள். தேடுகிறவர் எந்த எழுத்தில் தேடுவாரோ அந்த எழுத்திலும் பெயர்களை எழுதிவையுங்கள். ஊர்ப்பெயர், கோயில் பெயர், பலகாரத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குடும்ப வரலாறு எழுதுவதாக இருந்தால், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரின் பதிவேடுகள் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் ஒரு பதிவுகூட ஒரு கட்டுரைக்குப் போதுமானது.

வருகை எண்ணிக்கையைத் தினமும் பார்க்க வேண்டாம். வலைப்பூத் தளமான பிளாக்கரில் உங்கள் சொந்த வருகையைக் கணக்கில் சேர்க்காதிருக்கும் வசதி உண்டு; அதை முதல் நாளே அமைத்துவிடுங்கள். எழுதியவற்றின் படி ஒன்றை உங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால், காவடித் திருநாளன்று விரதம் முடிந்து வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியைப் பற்றி எழுதுங்கள். உங்கள் வீட்டில் அந்த ஏழும் எவை, யார் சமைப்பார்கள், ஒவ்வொன்றையும் கிரியோலில் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைக் குறித்துவிட்டு, பதிவின் முகவரியை இப்பதிலின் கீழ் இடுங்கள். என் அம்மா வீட்டுப் பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க நான் காத்திருப்பேன்.