செயின் சா பல்லுக்கு அரம் போடுறது: கேள்வி பதில்

கேள்வி (பேராவூரணி): அண்ணே, தென்னை அறுக்குறோம். புது செயின் போட்டு ரெண்டு மரம் துண்டு போடுறதுக்குள்ள மொன்னையாயிடுது. செயின் டூப்ளிகேட்டா?

பதில்: இருக்கலாம் தம்பி, ஆனா எனக்கு முதல் சந்தேகம் மண்ணு மேல தான். தென்னையோட அடிப்பக்கம் பூரா மழையில தெறிச்ச மணல் ஒட்டியிருக்கும், அதுக்கு மேல கரையான் மண்ணு கோடு கோடா ஏறியிருக்கும். போதாததுக்கு தென்னையில வெளிக்கட்டை தான் இறுக்கம், நடுவுல சோறு மாதிரி இருக்கும். அதனால பல்லு நுழையுற இடமே மணலும் வைரமும் சேர்ந்த இடம். அறுக்குறதுக்கு முன்னாடி அந்த இடத்தை மட்டும் அரிவாள் முதுகால சுரண்டி விடுங்க.

அடுத்தது, படுத்துக்கிடக்குற மரத்தை துண்டு போடும்போது பார், அதாவது செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு, அதோட நுனி தரையைத் தொடவே கூடாது. "லேசா தான் அண்ணே பட்டுச்சு"ம்பாங்க. செயின் ஃபுல் த்ராட்டில்ல செகண்டுக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுது. 22 இஞ்ச் பார்ல போடுற 86 லிங்க் (பார் காடிக்குள்ள ஓடுற கண்ணி) செயினோட மொத்த நீளமே 1.4 மீட்டர் சொச்சம். அரை செகண்டு மண்ணுல பட்டாலும் ஒவ்வொரு பல்லும் ஏழு தடவை மண்ணைக் கடிச்சிருக்கும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ உங்க பக்கம் அறுத்தவங்களைக் கேட்டுப்பாருங்க, மரமெல்லாம் வேரோட மண்ணைத் தூக்கிக்கிட்டு கிடந்துச்சு, அறுக்குற நேரத்துக்கு சமமா அரம் போடுற நேரம் போச்சு.

செயின் வாங்கும்போது செமி சிசல் கேட்டு வாங்குங்க. ஃபுல் சிசல்ல பல்லு மூலை சதுரமா கூரா இருக்கும், சுத்தமான மரத்துல பறக்கும், மணல் பட்டா அந்த மூலை தான் முதல்ல போகும். செமி சிசல்ல மூலை உருண்டை, கொஞ்சம் நிதானம், ஆனா தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: எந்த கம்பெனி மெஷின் வாங்கலாம்?

பதில்: உங்க ஊர்ல எதுக்கு ஸ்பேரும் மெக்கானிக்கும் இருக்கோ அது.

கேள்வி (ஏற்காடு): அரம் என்ன சைஸ் வாங்கணும்? கடைக்காரர் எல்லாத்துக்கும் ஒரே அரம் போதும்ங்குறார்.

பதில்: போதாது. செயின்ல அடுத்தடுத்து இருக்குற மூணு ரிவெட்டை எடுத்து, முதல்ல இருந்து மூணாவது வரைக்கும் அளந்து ரெண்டால வகுத்தா வர்றது தான் பிட்ச். அரம் சைஸ் அதைப் பொறுத்தது. 325 பிட்சுக்கு, அதாவது 0.325 இஞ்சுக்கு, 4.8 எம்எம் ரவுண்ட் அரம். சின்ன மெஷின்ல வர்ற லோ ப்ரொஃபைல் (உயரம் கம்மியான) எட்டுல மூணு இஞ்ச் (3/8) பிட்சுக்கு 4 எம்எம். பெரிய மெஷின்ல வர்ற அதே எட்டுல மூணுக்கு 5.2 இல்ல 5.5, செயின் பெட்டியிலேயே போட்டிருக்கும். 404க்கு (0.404 இஞ்ச்) 5.5. சைஸ் தப்பா போட்டா பல்லோட வயிறு தப்பா குழிஞ்சிடும், மேல கூரா தெரியும் ஆனா மரத்துல இறங்காது.

கேள்வி: எப்படி அரம் போடுறதுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க அண்ணே. யாரும் சரியா சொல்லித்தரல.

பதில்: மெஷினை ஆஃப் பண்ணி பாரை ஆடாம பிடிக்கணும். வைஸ் இல்லன்னா அறுத்த அடிக்கட்டையில ஒரு வெட்டு போட்டு அதுல பாரை செருகிக்கலாம். கையில கிளவுஸ். அப்புறம் பல்லை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, மழுங்கின இடம் வெள்ளைக் கோடா மின்னும், நல்ல கூர் மின்னவே மின்னாது. அந்தக் கோடு போற வரைக்கும் தான் வேலை.

எந்தப் பல்லு ரொம்பத் தேஞ்சிருக்கோ அதுல ஆரம்பிங்க, மத்ததெல்லாம் அதோட நீளத்துக்கு வரணும். பல்லு மேல 30 டிகிரிக்கு ஒரு கோடு போட்டிருப்பாங்க, அரம் அதுக்கு நேரா போகணும். அரத்தோட கனத்துல அஞ்சுல ஒரு பங்கு பல்லு மேல்மட்டத்துக்கு வெளிய தெரியணும், ஃபுல்லா உள்ள புதைச்சா கொக்கி மாதிரி ஆயிடும். உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தள்ளணும், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிடணும், முன்னையும் பின்னையும் தேய்க்காதீங்க, அரம் தள்ளும்போது மட்டும் தான் வெட்டும். ஒரு பக்கத்துப் பல்லு எல்லாம் முடிச்சுட்டு மறுபக்கம். எல்லாத்துக்கும் ஒரே எண்ணிக்கை.

பல்லோட வெளித்தோல்ல குரோம் பூச்சு இருக்கு, அது தான் நிஜமான கூர். குரோம் உரிஞ்ச இடம் முழுசா போற வரைக்கும் அரம் போடலன்னா எவ்வளவு பளபளன்னு தெரிஞ்சாலும் பத்து நிமிஷத்துல திரும்ப மொன்னை.

கேள்வி: மெஷின் நேரா போகாம வளைஞ்சு அறுக்குது.

பதில்: ஒரு பக்கத்துப் பல்லு நீளமும் மறுபக்கம் குட்டையுமா இருக்கும். வலது கைக்காரங்க ஒரு பக்கம் அழுத்தியும் இன்னொரு பக்கம் லேசாவும் போடுவாங்க, அதான். பல்லு சரியா இருந்தும் வளைஞ்சா பாரோட ரெண்டு விளிம்பும் ஒரே உயரமா பாருங்க. செயினைக் கழட்டும்போதெல்லாம் பாரைத் தலைகீழா மாத்திப் போட்டா இந்தத் தேய்மானம் சமமா ஆகும், பிசிரைத் தட்டை அரத்தால எடுத்துடுங்க, காடியில தூளையும் ஆயில் ஓட்டையையும் சுத்தம் பண்ணுங்க.

கேள்வி: பாருக்கு பழைய இன்ஜின் ஆயில் ஊத்தலாமா?

பதில்: ஊத்தாதீங்க. அதுல இரும்புத் தூள் இருக்கு, அது பாரையும் ஆயில் பம்பையும் அரிக்கும். பிசுபிசுப்பு இல்லாததால நுனிக்குப் போறதுக்குள்ள தெறிச்சிடும், தெறிக்கிறது உங்க கையிலயும் மூஞ்சியிலயும் தான். பழைய இன்ஜின் ஆயில் தோலுக்கு நல்லதில்ல, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். பார் ஆயில் கிடைக்கலன்னா புது இன்ஜின் ஆயிலாவது ஊத்துங்க.

கேள்வி (மேட்டுப்பாளையம் பக்கம் மர டிப்போ): இவ்வளவு பாடு எதுக்குங்க? நாங்க ஆங்கிள் கிரைண்டர்ல மெல்லிசு டிஸ்க் மாட்டி ரெண்டே நிமிஷத்துல தீட்டிடுறோம். நல்லா தான் அறுக்குது.

பதில்: எத்தனை நாளைக்குங்க? தீட்டி முடிச்சதும் பல்லு நுனியைப் பாருங்க, நீலம் ஏறியிருந்தா சூட்டுல அதோட பதம் போயிடுச்சு. அந்த இடத்துல கூர் நிக்காது. சில பல்லுல மேல்தோல் விறைச்சுப்போய் அடுத்த தடவை அரமே வழுக்கும். அப்புறம் மறுபடி கிரைண்டர், மறுபடி நீலம், பாதி ஆயுசுல செயின் குப்பைக்கு.

மறுபடி அவரே: தினமும் ஒரு லோடு ஏத்தணும். அரத்தை வச்சு உக்காந்தா லாரிக்காரன் நிப்பானா?

பதில்: கணக்குப் பாருங்க. 72 லிங்க் செயின்ல 36 பல்லு. பல்லுக்கு ரெண்டு தள்ளு, பழகின கைக்கு அஞ்சு நிமிஷம். பெட்ரோல் தீர்ந்து ஊத்தும்போது இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும்னு எப்படியும் நிறுத்தணும், அந்த நேரத்துல போட்டுடலாம். நீங்க முழுசா மொன்னையாகுற வரைக்கும் ஓட்டிட்டு தீட்டுறீங்க, அதனால தான் கிரைண்டர் தேவைப்படுது. மொன்னை செயின்ல ஆளு அழுத்தி அழுத்தி அறுக்குறான், பெட்ரோல் கூடுது, கிளட்ச் சூடாகுது, சாயங்காலம் தோள்பட்டை போயிடுது. லாரி அதனால தான் லேட்டாகுது.

இன்னொருத்தர் (திண்டுக்கல்): டிப்போக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு அண்ணே. ஆணி பட்ட செயினை அரத்துல கொண்டுவர முடியுமா? ரோட்டோர புளியமரம் அறுத்தா போர்டு அடிச்ச ஆணி இல்லாம இருக்காது.

பதில்: இது நல்ல கேள்வி, இங்க நான் ஒத்துக்குறேன். ஆணி பட்டு மூலை உடைஞ்ச செயினுக்கு சாணை வேணும். ஆனா அதுக்குன்னு இருக்குற மேசை சாணை, கோணம் செட் பண்ணி பல்லைப் பூட்டுற மாதிரி இருக்குமே அது. அதுலயும் தொட்டுத் தொட்டு எடுக்கணும், நீலம் ஏறவிடக் கூடாது. கையில பிடிச்ச கிரைண்டர்ல 36 பல்லையும் ஒரே கோணத்துல ஒரே நீளத்துல கொண்டுவர்ற ஆளை நான் பார்த்ததில்ல. அந்த டிஸ்க் வழுக்கி செயின்ல பல்லுகளை இணைக்கிற கண்ணியில ஒரு கீறல் போட்டா அங்க தான் செயின் அறுந்து பறக்கும். டிப்போ ஐயா கோவிச்சுக்காதீங்க, இதை விட்டுக்கொடுக்க முடியாது.

கேள்வி: பல்லுக்கு முன்னாடி இருக்குற மேட்டை ராவினா வேகமா அறுக்கும்னு சொல்றாங்களே?

பதில்: வேகமா ஆளையும் அறுக்கும். அந்த மேடு தான் டெப்த் கேஜ், பல்லு ஒரு தடவைக்கு எவ்வளவு கடிக்கணும்னு முடிவு பண்றது. பெரும்பாலான செயினுக்கு பல்லு நுனியை விட 0.65 எம்எம் கீழ இருக்கணும். பல்லு தேயத் தேய இறங்கும், மேடு அப்படியே நிக்கும், அதனால மூணு நாலு தடவை அரம் போட்டா ஒரு தடவை கேஜ் தகடு வச்சு, வெளிய நீட்டிக்கிட்டு இருக்குறதை மட்டும் தட்டை அரத்தால எடுத்து முன்பக்கத்தை உருட்டி விடணும். கண்ணளவுல ராவாதீங்க. அதிகமா இறக்கினா செயின் பிடிச்சு இழுக்கும், நுனியோட மேல்பாதி கட்டையில பட்டா பார் மூஞ்சிக்கு நேரா எகிறும். தகடு விலை கம்மி, கண்டிப்பா வாங்குங்க.

கேள்வி: 58 சிசி மெஷின்ல எந்த கம்பெனி நல்லது?

பதில்: மேல சொல்லிட்டேன்.

கேள்வி: நீலகிரியில எங்க நிலத்து மரத்தை வெட்ட பர்மிஷன் வேணுமா?

பதில்: மலைப்பகுதி மரங்களுக்கு 1955லேயே தனிச் சட்டம் இருக்கு. வனத்துறை ஆபீஸ்ல கேட்டுட்டு மெஷினைத் தொடுங்க.

கேள்வி (மாணவர்): பல்லு ஏன் இந்த வளைஞ்ச வடிவத்துல இருக்கு? கை ரம்பம் மாதிரி இல்லையே?

பதில்: ஆரம்பத்துல கை ரம்பம் மாதிரி தான் இருந்துச்சு தம்பி, சீக்கிரம் மழுங்கும், தீட்டவும் கஷ்டம். அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல ஜோசப் காக்ஸ்னு ஒரு மரம் வெட்டுறவர், 1946ல ஒரு கட்டைக்குள்ள வண்டுப் புழு மரத்தைத் தின்னுட்டுப் போறதைக் கவனிச்சார். அந்தப் புழு மரநார் எந்தப் பக்கம் ஓடினாலும் கவலைப்படாம இடமும் வலமுமா தாடையால வெட்டிக்கிட்டே போகுது. அதைப் பார்த்து இடப்பல்லு வலப்பல்லு மாறி மாறி வர்ற செயினை செஞ்சார். இன்னைக்கு உங்க கையில இருக்குறது அதோட வாரிசு தான். மரம் வெட்டுற கை கண்டுபிடிச்ச சாமான் இது, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: மெஷின் ஸ்டார்ட் ஆகல, கார்பரேட்டரா?

பதில்: மெக்கானிக்கிட்ட காட்டுங்க. நான் செயின் மட்டும் தான்.

கேள்வி: செயினை எப்போ தூக்கிப் போடணும்?

பதில்: பல்லு மேல தேய்மானக் கோடு இருந்தா அது வரைக்கும், கோடு இல்லன்னா பல்லு நீளம் 4 எம்எம் வந்ததும். ரெண்டு செயின் தேஞ்சா ஸ்ப்ராக்கெட்டையும் (செயினை ஓட்டுற பல்சக்கரம்) மாத்துங்க, பழைய ஸ்ப்ராக்கெட் புது செயினைக் கெடுக்கும். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் செயினை கொஞ்சம் லூஸ் பண்ணி வைங்க, சூட்டுல நீண்டப்போ இறுக்கினது ஆறினா சுருங்கி பாரையும் ஷாஃப்டையும் இழுக்கும்.

கேள்வி (தோட்டக்காரம்மா, கம்பம்): நான் மெஷின் பிடிக்கிறதில்ல, ஆளு வச்சு சில்வர் ஓக் அறுக்குறேன். அவங்க செயின் சரியா இருக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்குறது?

பதில்: கீழ விழுற தூளை கையில எடுத்துப் பாருங்கம்மா. செதில் செதிலா விழுந்தா செயின் நல்லா இருக்கு. மாவு மாதிரி விழுந்தாலோ, புகை வந்தாலோ, ஆளு உடம்பைச் சாய்ச்சு மெஷினை அழுத்தினாலோ மொன்னை. நிறுத்தச் சொல்லி அரம் போட நேரம் கொடுங்க, அந்த அஞ்சு நிமிஷத்துக்குக் கூலியைப் பிடிக்காதீங்க.