அகமதாபாத்தில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. பழைய நகரில் எதைப் பார்க்கலாம்?

காலை முழுவதையும் போள்களுக்கு ஒதுக்குங்கள் என்பேன். மணிநகரில் குடியிருக்கும் எனக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போக வேண்டும்.

ஒரே பெருங்கதவுக்குள் அடங்கிய சந்துகளும் வீடுகளும் சேர்ந்தது ஒரு போள். ஒரே சாதியோ தொழிலோ மதமோ சேர்ந்த குடும்பங்கள் பாதுகாப்புக்காக இப்படிக் கூடி வாழ்ந்தன. 1411-ல் சுல்தான் அகமது ஷா உருவாக்கிய இந்த ஊரை 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. அந்தத் தகுதி இந்தியாவில் முதலில் கிடைத்தது இதற்குத்தான். மசூதிகளோடு இந்தப் போள்களும் சேர்ந்ததால் கிடைத்த பெருமை அது. அதனால் லிஸ்ட் போட்டுக்கொண்டு ஆட்டோவில் சுற்றாமல் நடந்தே பாருங்கள்.

சென்னையிலிருந்து நவஜீவனில் வந்தால் காளுப்பூர் ஸ்டேஷனில் இறங்குவீர்கள். அங்கிருந்து பக்கத்தில்தான் 1822-ல் கட்டிய சுவாமிநாராயண் கோயில். மாநகராட்சி 1997-ல் ஆரம்பித்த ஹெரிடேஜ் வாக் காலையில் இங்கே கிளம்பி ஜாமா மசூதியில் முடியும். முதல் தடவை வருபவர்கள் கட்டாயம் இதில் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு போளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் குறுக்குவழிகள் வீட்டுச் சுவர் மாதிரியே இருக்கும், தனியாகப் போனால் கண்ணில் படாது.

சந்து முனையில் தூண் மேல் கூண்டு வைத்த சபூத்ரோவில் புறாக்களுக்குத் தானியம் போட்டிருப்பார்கள். திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். குடும்பங்கள் புழங்கும் இடம் அது, கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். யாராவது உள்ளே கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், 'டாங்கா'வைக் காட்டச் சொல்லுங்கள். முற்றத்துக்குக் கீழே மழைநீர் சேமிக்கும் அறை அது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் பெய்வதைக் கூரையிலிருந்து குழாய் வழியாக இறக்குவார்கள். வெளிச்சம் படாததால் பாசி பிடிக்காது. ஒரு வீட்டில் வயதான பாட்டி மூடியைத் திறந்து, கயிறு கட்டிய செம்பை இறக்கி மொண்டு கொடுத்தார். ஜில்லென்று, உப்பே இல்லாத தண்ணீர். துவரம்பருப்பு இதில்தான் பூவாக வேகும் என்றார்.

நிமிர்ந்து பார்த்தால் தூண், உத்தரம், ஜன்னல் எல்லாம் தேக்கில் செதுக்கியவை. செங்கல் சுவருக்குள் மரச்சட்டம் ஓடுவதால் அதிர்வை வாங்கிக்கொள்ளும். 2001 பூகம்பத்தில் நகரத்தின் புது அடுக்குமாடிகள் பல சரிந்தபோது இந்த வீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

1424-ல் முடிந்த ஜாமா மசூதிக்குத் தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். முகப்பைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல் தூண்களுக்கு நடுவே கொஞ்சம் நில்லுங்கள். நுழைந்தது மசூதிக்கா, பழைய கோயில் மண்டபத்துக்கா என்று தோன்றும். குஜராத்தின் கல்தச்சு மரபு இரண்டுக்கும் பொது.

சாயங்காலம் சித்தி சையது மசூதி. குஜராத் சுல்தான்கள் ஆட்சி முடியும் தறுவாயில், 1572-73-ல், அபிசீனிய (எத்தியோப்பிய) வம்சாவளியைச் சேர்ந்த சித்தி சையது கட்டியது. மேற்குச் சுவரில் துளைத்துச் செதுக்கிய கல் ஜன்னலான ஜாலியில் ஒரு மரமும் கொடியும் பின்னிக்கிடக்கும். ஐஐஎம் அகமதாபாத்தின் சின்னம் இதிலிருந்து வந்ததுதான். வெயில் சாயும்போது உள்ளிருந்து பார்த்தால் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்கு மாணெக் சௌக். பகலில் நகைக்கடை வீதி, இரவில் தின்பண்டச் சந்தை.

தங்குவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய வீடுகளை இடித்து குடோன் ஆக்குகிறார்கள். செதுக்கிய தூண்கள் பழம்பொருள் வியாபாரிகளிடம் போய்விடுகின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது. சில குடும்பங்கள் மட்டும் வீட்டைச் சீர்செய்து அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். சபர்மதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோட்டல் எடுப்பதற்குப் பதில் அங்கே தங்குங்கள், நீங்கள் கொடுக்கும் பணம் அந்த வீட்டின் பராமரிப்புக்கு உதவும். அறைகள் குறைவு, குளிர்காலத்தில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.