'தெரிந்தே மறைக்கிறார்கள்' என்று பேசியதற்கு நோட்டீஸ்: மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: மலேசியாவில் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். அம்மா பல ஆண்டுகள் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர். இப்போது நான் நச்சியல் ஆய்வாளர். எங்கள் தோட்டத்துக் கிணற்று நீரைச் சோதித்து, முடிவைக் கோயில் மண்டபத்தில் மக்களிடம் சொன்னேன். ஒரு களைக்கொல்லி மருந்தின் பெயரைக் குறிப்பிட்டு, "இதிலுள்ள கிளைபோசேட் என்ற வேதிப்பொருள் கிணற்றில் கலந்திருக்கிறது, அது புற்றுநோய் தரக்கூடியது, நிறுவனம் தெரிந்தே மறைக்கிறது" என்று பேசினேன். யாரோ காணொளி எடுத்துப் பரப்பிவிட்டார்கள். ஏழு நாளில் மன்னிப்பும் 5 லட்சம் ரிங்கிட்டும் கேட்டு அந்த மருந்து நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர்களே எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிடட்டுமா?

பதில்: வேண்டாம், சகோதரி. அந்தக் கடிதத்தின் மூன்றாம் பத்தியை மறுபடி படியுங்கள். "என் சோதனை தவறானது, மருந்து முற்றிலும் பாதுகாப்பானது" என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். நாளைக்கு மருந்தடித்த ஒரு பெண் இழப்பீடு கேட்டுப் போனால், அவருக்கு எதிராக முதலில் எடுத்து நீட்டப்படுவது நீங்கள் கையெழுத்திட்ட இந்தத் தாளாகத்தான் இருக்கும்.

ஏழு நாள் என்பது அவர்கள் வைத்த கெடு, நீதிமன்றம் வைத்ததல்ல. வழக்குத் தொடுத்து சம்மன் உங்கள் கைக்கு வந்தால், அன்றிலிருந்து 14 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் முன்னிலையாக வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். அவதூறு வழக்குக்கு ஆறு ஆண்டு காலவரம்பு உண்டு என்பதால், அவர்கள் பேசாமல் இருந்தாலும் விவகாரம் முடிந்ததாக எண்ணாதீர்கள்.

இனி, நீங்கள் பேசியதை மூன்றாகப் பிரிப்போம். கிணற்றில் மருந்து கலந்திருக்கிறது என்பது செய்தி. அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நம் நாட்டுச் சட்டப்படி உங்கள் தலையில்தான் விழுகிறது. ஆனால் உங்களிடம் ஆய்வுக்கூடப் பதிவேடு இருக்கிறது. புற்றுநோய் தரக்கூடியது என்பது ஆய்வாளராக உங்கள் கருத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் கிளைபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. அதை எதிர்த்தரப்பு கட்டாயம் எடுத்துவரும். வரட்டும். மெய்யான செய்தியின் மேல் நேர்மையாகச் சொன்ன கருத்துக்கு 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் இடமுண்டு. அறிஞர்களே பிரிந்து நிற்கும் விஷயத்தில் ஒரு பக்கம் நின்று பேசியது குற்றமாகாது.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மூன்றாவது வாக்கியம்தான். 'தெரிந்தே' என்ற சொல் மருந்தை விட்டுவிட்டு மனிதரின் மனத்தைக் குற்றம் சாட்டுகிறது. கிணற்று நீர் அதற்குச் சாட்சி சொல்லாது. நிறுவனத்தின் உள் ஆவணம்தான் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் தவளைகளை வைத்து அட்ரசின் களைக்கொல்லியை ஆராய்ந்த டைரோன் ஹேய்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தைத் தயாரிக்கும் சின்ஜென்டா நிறுவனம் தம்மைக் குறிவைக்கிறது என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. அமெரிக்கக் குடிநீர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் நிறுவனத்தின் உள்குறிப்புகள் வெளிவந்த பிறகுதான், அவருடைய நம்பகத்தன்மையைக் குலைக்கத் திட்டமிட்டது தெரியவந்தது. 2012-இல் அந்த வழக்கு 10.5 கோடி டாலருக்குச் சமரசமானது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் மீது வழக்குப் போட்டால் இங்கேயும் இரு தரப்பும் ஆவணங்களைக் காட்ட வேண்டிவரும். அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆவணம் கிடைக்கும் என்று நம்பி இன்றைக்கு அந்த வாக்கியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அதை மட்டும், வழக்கறிஞர் மூலம், பொறுப்பை ஏற்காத வாசகத்தில் திருத்தி அறிவியுங்கள். வழக்குக்கு முன்பே இப்படிச் செய்தால் இழப்பீட்டைக் குறைக்கவும் உதவும்.

காணொளியைப் பகிர்பவர்களிடம், அவர்கள் தம்பியானாலும் சித்தப்பாவானாலும், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பகாங் மாநிலத்து ரவூப்பில் தங்கச் சுரங்கத்தின் சயனைடை எதிர்த்துப் பேசியவர் மீது நிறுவனம் போட்ட வழக்கு 2019-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. அதே விவகாரத்தை வெளியிட்ட மலேசியாகினி இணையச் செய்தித்தளம், 2021-இல் அதே நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் மூவர் எதிராக நின்ற தீர்ப்பில் 5,50,000 ரிங்கிட் கட்ட நேர்ந்தது. பேசியவர் தப்பினால் பரப்பியவரும் தப்புவார் என்று சொல்ல முடியாது.

சோதனை முடிவை 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பூச்சிக்கொல்லி வாரியத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். கடமைப்பட்ட அதிகாரியிடம் தீய நோக்கமின்றிச் செய்யும் புகாருக்குச் சட்டம் தனிப் பாதுகாப்புத் தருகிறது. பதில் மெதுவாகத்தான் வரும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை ஒழிப்பதாக அரசுத் தரப்பில் 2002-இல் அறிவித்தார்கள், 2006-இல் பின்வாங்கினார்கள், 2020-இல்தான் தடை நடைமுறைக்கு வந்தது. இடையிலிருந்த ஆண்டுகளில் அந்த நீலநிற மருந்தை வாளியில் கலக்கியவர்கள் நம் அக்காமார்கள். அதை என்னால் ஆறிய மனத்தோடு எழுத முடியவில்லை.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸ் வந்த உறை, நீர் எடுத்த புட்டிகளின் சீட்டு, தேதி, எடுத்தவர் பெயர், பதிவேட்டின் மூலப்பிரதி எல்லாம் கையில் இருக்கட்டும். வசதியில்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். இன்றிரவே அம்மாவோடு உட்கார்ந்து, எந்த ஆண்டில் எந்த மருந்தை எத்தனை பம்பு அடித்தார் என்று கேட்டு எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு ஒன்றாவது தகரப் பெட்டியில் இருக்கிறதா என்றும் தேடச் சொல்லுங்கள்.