சாரா ஆல்குட்: கேள்வி பதில்

கே: அயர்லாந்து நடிகை என்றால் எனக்கு மோரீன் ஓஹாராதான் தெரியும். சாரா ஆல்குட் அவருடைய தாயாரா?

ப: 1941இல் வந்த 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' படத்தில் மட்டும். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் குடும்பம். சாரா தாய், ஓஹாரா மகள். இருவரும் டப்ளின்காரர்கள், இருவரும் அந்நகரின் ஆபி நாடக அரங்கில் தேறியவர்கள். வேறு உறவில்லை.

கே: மேடைக்கு எப்படி வந்தார்?

ப: அயர்லாந்து விடுதலைப் போராளி மோட் கான் தொடங்கிய 'அயர்லாந்தின் மகளிர்' அமைப்பின் நாடக வகுப்பு வழியாக. குரலைப் பழக்கியவர் ஃபிராங்க் ஃபே. 1904 டிசம்பர் 27 அன்று ஆபி அரங்கம் திறந்தபோது, அரங்கை நிறுவியவர்களில் ஒருவரான லேடி கிரிகரியின் நகைச்சுவை நாடகத்தில் திருமதி ஃபாலனாக நின்றவர் சாரா. (அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி முன்பு நகரப் பிணக்கிடங்கு. நாடகக்காரர்களுக்கு இடம் கிடைப்பது எப்போதும் இப்படித்தான்.)

கே: ஆஸ்கர் வாங்கினாரா?

ப: இல்லை. துணை நடிகைக்கான பரிந்துரையோடு சரி. வாங்கியவர் மேரி ஆஸ்டர்.

கே: தங்கை மோலிதான் பெரிய நடிகை. நாடகாசிரியர் ஜே. எம். சிங் பெகீன் பாத்திரத்தை எழுதியதே அவருக்காக. சாரா வெறும் கிழவி வேடக்காரி.

ப: முதலில் வழக்கமான எச்சரிக்கை: மோலியின் மேடைப் பெயர் மாய்ரா ஓநீல். அக்காவின் வேடங்களைத் தங்கையின் கணக்கில் எழுதாதீர்கள்.

1907 ஜனவரி 26, 'த பிளேபாய் ஆஃப் த வெஸ்டர்ன் வேர்ல்ட்' அரங்கேற்றம். பெகீனாகத் தங்கை, அவளுக்குப் போட்டியாக வரும் விதவை குவினாக அக்கா. முதல் அங்கம் முடிந்ததும் பெரும் வெற்றி என்று, அரங்கை நிறுவியவர்களில் இன்னொருவரான கவிஞர் யேட்ஸுக்குத் தந்தி போனது. பிறகு, பெண்களின் உள்சட்டையைக் குறிக்கும் 'ஷிஃப்ட்' என்ற சொல் மேடையில் ஒலித்தது, அவை கொந்தளித்தது, லேடி கிரிகரி இரண்டாவது தந்தி அடித்தார். அடுத்த நாட்களில் கூச்சலில் வசனமே கேட்கவில்லை. அத்தனை இரைச்சலிலும் அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் நின்றார்கள். நாம்தான் நூறாண்டு கழித்து அவர்களை மோதவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சிங் மோலியைக் காதலித்தார், உண்மை. அவர் முடிக்காமல் விட்டுப்போன டெய்ட்ரா நாடகத்தில், 1910இல், மோலியே நாயகி. அதையும் மறுக்கவில்லை. ஆனால் கிழவி வேடம் என்று இளக்காரமாகச் சொல்கிறீர்களே, சிங்கின் 'ரைடர்ஸ் டு த சீ' நாடகத்தில் சாரா நடித்த மௌர்யாவும் கிழவிதான். ஆறு மகன்களைக் கடலுக்குப் பறிகொடுத்தவள். அந்த ஒப்பாரிக்கு அழகு எதற்கு? குரல் வேண்டும்.

கே: இருந்தாலும் பெகீனை மறந்துவிட்டு விதவை குவினை யார் நினைக்கிறார்கள்?

ப: நான். அடுத்த கேள்வி.

கே: சாராவுடைய குடும்ப வாழ்க்கை?

ப: 1916இல், ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில், உடன் நடித்த ஜெரால்ட் ஹென்சனை மணந்தார். 1918இல் குழந்தை பிறந்த சற்று நேரத்தில் இறந்தது. அதே ஆண்டு நவம்பரில் கணவரை இன்ஃபுளுவென்சா கொண்டுபோனது. 1924இல், ஷான் ஓகேசியின் நாடகத்தில், மகனை இழந்த ஜூனோவாக நடித்தார். சொந்தத் துயரம்தான் அந்த நடிப்பைத் தந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. இருபது ஆண்டு உழைப்பை அப்படித் துடைத்தெறிவது எனக்குப் பிடிக்காது.

கே: மோரீன் ஓஹாராவுக்கு நடிப்பு தாய் சாராவிடமிருந்து வந்ததா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

ப: ஹாலிவுட்டில் வேண்டாம். அங்கே போனபின் பெரும்பாலும் வேலைக்காரி, தாதி வேடங்களே கிடைத்தன; 1950இல் கலிஃபோர்னியாவில் இறக்கும்வரை அதே கதை. ஹிட்ச்காக் 1930இல் எடுத்த 'ஜூனோ அண்ட் த பேகாக்' பாருங்கள். கேமரா மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். படமாக அது சுமார்தான். மோலியும் திருமதி மேடிகனாக வருகிறார், சண்டைக்காரர்கள் ஒரே சட்டகத்தில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடைசியில் ஜூனோ தனியாக நின்று பிரார்த்திக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.