பாட்டி எப்படி உனக்கு அம்மா ஆவாங்க?

குழந்தை வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. போன வாரம் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். "இவங்க யாரு தெரியுமா, எனக்கு அம்மா" என்று விளையாட்டாகச் சொன்னேன். "இல்ல, அவங்க பாட்டி" என்று ஆரம்பித்தவள் கடைசியில் அழுதே விட்டாள். நாத்தனார் வீட்டில் "அடுத்த வருஷம் யூகேஜி, இதுகூடத் தெரியலையே" என்கிறார்கள். குழந்தை மந்தமாக இருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, கரூர்

பதில்: இல்லவே இல்லை. அந்தப் பேச்சை நீங்கள் காதில் வாங்க வேண்டாம், முக்கியமாகக் குழந்தையின் காதில் விழ விடாதீர்கள்.

நாலரை வயதில் 'பாட்டி' என்பது அவளுக்கு உறவுமுறை இல்லை, அந்த ஆளின் பெயர். நரைத்த கொண்டை, பையைத் திறந்தால் முறுக்கு, மடியில் படுத்தால் தலையைக் கோதும் கை, இதெல்லாம் சேர்ந்ததுதான் பாட்டி. அவரைக் காட்டி நீங்கள் 'அம்மா' என்கிறீர்கள். அவளுக்கு அம்மா ஒரே ஒருத்தி, அது நீங்கள். பாட்டி அம்மா ஆகிவிட்டால் நீங்கள் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது இல்லையா, அழுகை அங்கிருந்துதான் வந்திருக்கும்.

சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜே 1920-களிலேயே சின்னப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பார்த்தார். "உனக்குச் சகோதரன் இருக்கிறானா?" என்றால் இருக்கிறான் என்பார்கள். "அவனுக்குச் சகோதரன் இருக்கிறானா?" என்றால் இல்லை என்பார்கள். தன்னை அடுத்தவன் இடத்திலிருந்து பார்ப்பது அந்த வயதில் அவ்வளவு கஷ்டம். நம் தமிழில் இது இன்னும் ஒரு படி சிக்கல், ஏனென்றால் அவன் எனக்கு அண்ணன் என்றால் நான் அவனுக்குத் தம்பி, இரண்டு பக்கத்துக்கும் சொல்லே வேறு.

அமெரிக்காவில் மால்கம் வாட்சன், கர்ட் ஃபிஷர் என்ற இருவர் ஒன்றரை வயதிலிருந்து ஏழரை வயது வரையிலான பிள்ளைகளைப் பொம்மை வைத்து விளையாட விட்டுப் பார்த்து 1980-இல் எழுதினார்கள். ஏறக்குறைய மூன்று வயதில் டாக்டர் பொம்மை ஊசி போடும், ஸ்டெத் வைக்கும், அவ்வளவுதான். நாலு வயது வாக்கில் டாக்டருக்கு எதிரே ஒரு நோயாளி வந்துவிடுவார், இவர் கேட்க அவர் பதில் சொல்ல என்று ஓடும். அந்த டாக்டரே நோயாளிக்கு அப்பாவாகவும் இருக்கலாம் என்பதைப் பொம்மையில் நடத்திக் காட்டப் பல பிள்ளைகளுக்கு ஆறு வயது வரை ஆகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு பொறுப்பு என்பது அவ்வளவு பெரிய விஷயம். உங்கள் மகளிடம் நீங்கள் கேட்டது இந்தக் கடைசிப் படியை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் வீடுகளுக்கே உரியது. குழந்தை பிறந்த நாளிலிருந்து நாம் எல்லோரும் குழந்தையின் வாயாலேயே பேச ஆரம்பித்துவிடுகிறோம். கணவரைக் காட்டி "அப்பா வந்தாச்சு" என்கிறோம். பெற்ற அம்மாவையே "பாட்டி, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுகிறோம். (உறவை எதிர்ப்பக்கமிருந்து கேட்டுப் பழகும் பிள்ளைகளும் உண்டு. அத்தையும் சித்தப்பாவும் நிறைந்த கூட்டுக் குடும்பத்தில் அப்பாவை 'அண்ணா' என்று கூப்பிடும் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.) நீங்கள் உங்கள் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டு அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், யோசித்துப் பாருங்கள். அதனால் பாடம் நடத்தாதீர்கள். அடுத்த முறை அவர் வரும்போது "அம்மா, தலைக்கு எண்ணெய் வச்சு விடும்மா" என்று அவர் முன்னால் போய் உட்காருங்கள். பாட்டி உங்கள் தலையைக் கோதுவதை அவள் பார்க்கட்டும். பக்கத்தில் உங்கள் சின்ன வயது போட்டோ ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. "யார் இந்தப் பாப்பா?" என்று அவளே கேட்பாள்.

கேள்வி: நான் வேலை பார்க்கும் பள்ளியில், என் வகுப்பிலேயே என் மகன் யூகேஜி படிக்கிறான். மற்ற பிள்ளைகள் என் மேல் சாய்ந்தால் தள்ளிவிடுகிறான். 'மிஸ்' என்று கூப்பிடச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். – ஆசிரியை, திருவண்ணாமலை

பதில்: வேறு செக்‌ஷனுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள், அதுதான் இருவருக்கும் நிம்மதி. முடியாதென்றால் கண்ணுக்குத் தெரிகிற ஓர் அடையாளம் வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு "ஸ்கூல்ல நான் மிஸ்" என்ற வாக்கியம் போதாது. கழுத்தில் ஐடி கார்டு இருந்தால் மிஸ், கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டால் அம்மா. காலையில் பள்ளி கேட் தாண்டியதும் அவனையே உங்கள் கழுத்தில் மாட்டிவிடச் சொல்லுங்கள். சாயங்காலம் அதே இடத்தில் அவனே கழற்றட்டும். கழற்றின கையோடு அவனைத் தூக்கிக்கொள்ளுங்கள். அம்மா காணாமல் போகவில்லை, கார்டுக்குப் பின்னால் இருந்தாள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: பேரனுக்கு ஐந்து வயது. சொப்புச் சாமான் வைத்துச் சமைத்து விளையாடுகிறான். மகன் பார்த்தால் "பொம்பளப் பிள்ளை மாதிரி என்னடா" என்று சத்தம் போட்டுப் பிடுங்கி வைக்கிறான். நான் என்ன செய்ய? – பாட்டி, சங்கரன்கோவில்

பதில்: சொப்பைத் திரும்பக் கொடுங்கள் அம்மா. சோறு பொங்கி, பரிமாறி, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ" என்று சொல்லி விளையாடுகிற பிள்ளை, தன்னைப் பார்த்துக்கொள்கிறவர்களின் இடத்தில் நின்று பார்க்கிறான். உங்களைத்தான் நடிக்கிறான் என்று நினைக்கிறேன். மூன்று வயதுக்குள்ளேயே நான் பையன், நீ பொண்ணு என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஐந்து, ஆறு வயதில் அந்தக் கோடு ரொம்ப இறுகி, "பிங்க் எனக்கு வேணாம்" என்று தாங்களே சட்டம் போடுவார்கள். அப்புறம் பள்ளி வயதில் மெல்ல இளகும். இறுகும் நேரத்தில் பெரியவர்கள் ஆணி அடித்து வைக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. உங்கள் மகனிடம் நேரே சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த கல்யாணத்தில் பேரனைச் சமையல் கொட்டகைக்குக் கூட்டிப்போய், அண்டாவில் சாம்பார் கிளறுகிற மாஸ்டரைக் காட்டுங்கள், மகனும் பக்கத்தில் இருக்கும்போது.

கேள்வி: மூத்தவளுக்கு ஐந்து வயது. இரண்டாவது குழந்தை பிறந்து 40 நாள். அதிலிருந்து மறுபடி பால் பாட்டில் கேட்கிறாள், படுக்கையை நனைக்கிறாள். "நீதான் அக்கா, சமத்தா இருக்கணும்" என்றால் "நான் அக்கா இல்ல" என்று கத்துகிறாள். – அப்பா, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அந்தக் குழந்தையை நினைத்து மனசு கஷ்டமாகிவிட்டது. நான் பால்வாடியில் வேலை பார்த்த காலத்தில், தம்பி பிறந்த புதிதில் ஒரு பெண் பிள்ளை, நாலரை வயது, தினமும் மரப்பாச்சியைத் துணியில் சுற்றி மூலையில் வைத்துவிட்டு அதனிடம் "தொடாத, சத்தம் போடாத, அங்க போ" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பொம்மைதான் அவள். அவளுக்கு வீட்டில் காதில் விழுகிற மூன்று வாக்கியம் அது.

உங்கள் மகளுக்கும் இந்த 40 நாளில் அக்கா என்ற சொல்லோடு என்னென்ன வந்தது என்று நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். விட்டுக்கொடு, தள்ளிப் படு, தானே சாப்பிடு, அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே. நமக்கு அக்கா என்றால் பாசம், பொறுப்பு என்று முப்பது வருஷ அர்த்தம் இருக்கிறது. அவளுக்கு அது வெறும் வேலைப் பட்டியல். அதைவிட, அவளை அக்கா என்று கூப்பிட வேண்டிய ஆளுக்கு இன்னும் வாயே திறக்கவில்லையே. பெரியவர்கள் மட்டும் கொடுக்கிற பட்டம் அது, அதனால்தான் திருப்பிக் கொடுக்கிறாள்.

கொஞ்ச நாளைக்கு அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். பாட்டில் கேட்டால் கொடுங்கள், மடியில் போட்டே கொடுங்கள், பத்து நிமிஷம் அவளும் பாப்பாவாக இருந்துவிட்டுப் போகட்டும். "இவ்வளவு பெரிய பொண்ணு" என்று யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கை நனைவது பெரும்பாலும் சில வாரத்தில் தானாக அடங்கும். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அளவுக்கு மீறின தாகம் என்று ஏதாவது இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம் பாப்பாவுக்கு இன்று எந்தச் சட்டை என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். தூளியை ஆட்டுவதற்கு நீங்கள் பக்கத்தில் நின்று அவள் கையையும் பிடித்துக்கொண்டு ஆட்டுங்கள். ஆட்டும்போது பாப்பா அவளையே பார்க்கும். "யாரைப் பார்க்குது பாரு" என்று மட்டும் சொல்லுங்கள், பதிலை அவள் சொல்லட்டும்.