விட்டுப்போன நாட்கள்

அன்புள்ள ஐயா,

உங்களை ஆறேழு வருஷமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். மாமியார் எங்களோடு இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்மாய் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியவளுக்குப் பள்ளியில் ப்ராஜெக்ட் கொடுத்தார்கள் என்று, கண்மாய்க்கு வரும் பறவைகளை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம். அவள் மார்க் வாங்கி முடித்துவிட்டாள், நான் விடவில்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது கரையில் கொஞ்ச நேரம் நின்று எழுதிக்கொள்வேன். முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, மழைக்காலத்தில் வாத்துகள்.

ஆனால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. மார்ச் மாசம் கணக்கு முடிக்கிற நெருக்கடியில் ஒரு நாள்கூடப் போவதில்லை. போன வருஷம் மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தபோது இரண்டு மாசம் நோட்டையே திறக்கவில்லை. யூடியூபில் பேசுகிறவர்கள் நாலு மணிக்கு எழுந்திரு என்கிறார்கள், ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பி என்கிறார்கள். நாத்தனார், "இதை எழுதி என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. விடாமுயற்சி என்கிற குணமே எனக்கு இல்லையோ என்று தோன்றுகிறது. நிறுத்திவிடலாமா? தொடர்வதென்றால், விட்டுப்போன நாட்களை ஞாபகத்திலிருந்து எழுதி நிரப்பலாமா?

ம.

அன்புள்ள ம.,

நிறுத்தாதீர்கள். ஒரே கண்மாயை, ஒரே ஆள், ஒரே வேளையில், மூன்று வருஷம் பார்த்து எழுதிய நோட்டு உங்கள் கையில் இருக்கிறது. அந்தக் கண்மாயைப் பற்றி அப்படி ஒன்று வேறு யாரிடமும் இருக்க வாய்ப்பில்லை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு சார்லஸ் டார்வின் ஞாபகம்தான் வந்தது. டார்வின் என்றதும் எல்லோரும் கப்பல் பயணத்தையும் பரிணாமத்தையும் நினைப்பார்கள். நான் சொல்ல வருவது அவர் மண்புழுக்களோடு கழித்த காலத்தை. கப்பல் பயணம் முடிந்து ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் அவருடைய மாமா தன் வயலைக் காட்டி ஒரு விஷயம் சொன்னார்: சில வருஷத்துக்கு முன்னால் மேலே தூவிய சுண்ணாம்பும் சாம்பல்கட்டியும் இப்போது மண்ணுக்கு அடியில் ஒரு வரிசையாகக் கிடக்கின்றன, இது மண்புழு செய்த வேலையாக இருக்கலாம். புழு மண்ணைத் தின்று மேலே வந்து கழிக்கிறது, அந்தக் கழிவு சேரச் சேர மேலே கிடந்ததெல்லாம் கீழே போகிறது. 1837 நவம்பரில் டார்வின் லண்டன் புவியியல் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு 28 வயது. மண்புழு பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது 1881 அக்டோபரில், அடுத்த ஏப்ரலில் இறந்துவிட்டார். இடையில் 44 வருஷம்.

இந்த 44 வருஷமும் அவர் தினம் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுவே எத்தனையோ வருஷம் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. கொட்டலசு என்று கடல்பாறையில் ஒட்டிக்கிடக்குமே, அதை 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் ஆராய்ந்தார். கடைசியில் சலித்துப்போய், இந்தப் பிராணியை என்னைப்போல வெறுத்தவன் யாரும் இருக்க முடியாது என்று நண்பருக்கு எழுதினார், எழுதிவிட்டு மீதியையும் முடித்தார். 1859இல் பரிணாமம் பற்றிய பெரிய புத்தகம் வந்தது. அப்புறம் ஆர்க்கிட் பூக்கள், கொடிகள், பூச்சி தின்னும் செடிகள். பத்துப் பிள்ளைகள் பிறந்து அதில் மூன்று சின்ன வயதிலேயே இறந்தார்கள். அவருக்கே பெரும்பாலான நாட்களில் வயிற்றுக் கோளாறு, வாந்தி, அசதி. புழு காத்திருந்தது. அவர் திரும்பித் திரும்பி அதனிடம் வந்தார்.

கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்து வீட்டுக்குக் குடிபோன வருஷம், 1842 டிசம்பரில், பக்கத்துப் புல்வெளியின் ஒரு பகுதியில் உடைத்த சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பிவைத்தார். எதற்கு? எத்தனை காலத்தில் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பதற்கு. தோண்டிப் பார்த்தது 1871 நவம்பர் கடைசியில், 29 வருஷம் கழித்து. வெட்டிய பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் வெள்ளைக் கட்டிகள் வரிசையாகத் தெரிந்தன, மேற்பரப்பிலிருந்து 7 அங்குலத்தில். கணக்குப் போட்டால் வருஷத்துக்குக் கால் அங்குலம்கூட இல்லை. பக்கத்தில் இன்னொரு வயல் இருந்தது. 1841இல் கடைசியாக உழுத நிலம், கல்லும் கரடுமாக இருக்கும், பையன்கள் சரிவில் ஓடினால் கற்கள் ஒன்றோடு ஒன்று மோதிச் சத்தம் போடும். இந்தக் கற்கள் மூடிப் புல் படருவதைப் பார்க்க நாம் உயிரோடு இருப்போமா என்று டார்வினுக்கே சந்தேகம். முப்பது வருஷத்தில் ஒரு குதிரை அந்த வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை லாடத்தில் ஒரு கல்கூடப் படாமல் பாய்ந்து ஓடலாம் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

சுண்ணாம்பைப் பரப்ப ஒரு நாள், தோண்ட ஒரு நாள். நடுவில் இருந்த 29 வருஷத்தில் அவர் செய்யவேண்டியிருந்தது, பரப்பியதை மறக்காமல் இருப்பதும் அவசரப்பட்டு எடுத்துப் பார்க்காமல் இருப்பதும்தான். விடாமுயற்சிக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. ஒரு நாள் விட்டால் பழையபடி முதல் நாள் என்கிற கணக்கை இதில் எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? அந்தக் கணக்கு உடற்பயிற்சிக்கோ வேறு எதற்கோ உதவலாம். உங்கள் நோட்டில் ஏற்கெனவே எழுதிய பக்கம் இரண்டு மாச இடைவெளியால் அழிந்துபோகாது.

உங்கள் நாத்தனார் கேட்ட கேள்வியை டார்வினிடமும் கேட்டார்கள். 1869இல் ஒரு தோட்டக்கலைப் பத்திரிகையில் ஒருவர் எழுதினார்: புழு எவ்வளவு சின்னது, எவ்வளவு பலவீனமானது, அது இத்தனை வேலை செய்யும் என்றால் எப்படி நம்புவது? டார்வின் தன் புத்தகத்தின் முன்னுரையில் இதை எடுத்துப் போட்டுப் பதில் சொல்கிறார். ஓயாமல் திரும்பத் திரும்ப நடக்கிற ஒரு காரியத்தின் விளைவைக் கூட்டிப்பார்க்கத் தெரியாததுதான் இங்கே பிரச்சினை, அறிவியல் வளர்ச்சியே இதனால் அடிக்கடி தடைபட்டிருக்கிறது என்று. கூட்டிப்பார்த்தபோது அவருக்குக் கிடைத்த விடை, இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரு ஏக்கரில் வருஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் காய்ந்த மண்ணைப் புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்பது. நாத்தனாரோடு வாதம் பண்ண வேண்டாம். அவர் பார்ப்பது ஒரு நாள் காலையில் நீங்கள் எழுதும் நாலு வரியை, அந்த நாலு வரியில் நிஜமாகவே ஒன்றும் இல்லைதான்.

அந்தப் பத்து டன் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஒருவர் இருக்கிறார். பெயர் புத்தகத்தில் இல்லை, ஒரு பெண்மணி, அவருடைய துல்லியத்தை முழுக்க நம்பலாம் என்று மட்டும் டார்வின் எழுதுகிறார். சர்ரே பகுதியில் லீத் ஹில் பிளேஸ் என்ற வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு இடங்களில் ஒவ்வொரு சதுர கெஜம் குறித்துக்கொண்டு, அதில் புழு வெளியே தள்ளிய மண்ணை ஒரு வருஷம் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார். ஒரு சதுர கெஜம் என்பது நீங்கள் ஒரு பாயை மடித்துப் போட்டால் வரும் இடம். உலகம் முழுக்கப் போய்ச்சேர்ந்த ஒரு கணக்கு அந்த இடத்தில் ஒரு பெண் குனிந்து பொறுக்கிய மண்ணில் நிற்கிறது. உங்கள் கண்மாய்க்கரை அதைவிடப் பெரிசு.

நாலு மணிக்கு எழுவதைப் பற்றி. டார்வினின் ஒரு நாளை அவர் மகன் பிரான்சிஸ் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். காலையில் ஒரு சின்ன நடை, சாப்பாடு, எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை வேலை. அப்புறம் கடிதங்கள் வாசிக்கக் கேட்பது, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை மறுபடி வேலை. அத்தோடு, இன்றைக்கு நல்லா வேலை செஞ்சாச்சு என்று திருப்தியாகச் சொல்லிக்கொண்டு நடக்கப் போய்விடுவார். மத்தியானம் படுத்துக்கொண்டு நாவல் வாசிக்கச் சொல்லிக் கேட்பார், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேலை. இரவில் மனைவி எம்மாவோடு பேக்கமன் என்கிற பகடை ஆட்டம் இரண்டு கை. அதற்கும் கணக்கு வைத்திருந்தார்! 1876இல் ஒரு நண்பருக்கு எழுதுகிறார், அவள் ஜெயித்தது 2,490 ஆட்டம், நான் 2,795 என்று. ஆக நாளுக்கு நாலு மணி நேரம்தான் வேலை, ஆனால் அந்த நாலு மணி நேரத்தில் வேறு எதுவும் குறுக்கே வராது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். டார்வின் பணக்கார வீட்டுப் பிள்ளை, சம்பளத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. வீட்டில் சமையலுக்கு, தோட்டத்துக்கு, ஏவலுக்கு என்று ஆட்கள். உடம்பு முடியாத நேரமெல்லாம் எம்மாதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அவருடைய அந்த நாலு மணி நேரத்தைச் சுற்றி வேலி மாதிரி இத்தனை பேர் நின்றார்கள். உங்கள் கடிதத்தில் ஆபீஸ், பிள்ளைகள், ஆபரேஷன், பால் எல்லாம் இருக்கிறது, உங்களுக்காக வேலி போட்டவர்கள் யாரும் இல்லை. உங்களுக்கு விடாமுயற்சி இல்லை என்று நீங்கள் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்று வருஷம் இந்த இழுபறிக்கு நடுவில் அந்த நோட்டைக் கையில் வைத்திருக்கிறீர்கள், இதற்கு வேறு என்ன பெயர்? வீட்டில் யாரையாவது பாலையும் அடுப்பையும் கால்மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தயங்காமல், இது என் நேரம் என்று சொல்லிக் கேளுங்கள். உங்களால் போக முடியாத நாளில் பெரியவள் போய் எழுதட்டும், வரிக்குப் பக்கத்தில் அவள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டால் போதும், யார் பார்த்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விட்டுப்போன நாட்களை ஞாபகத்திலிருந்து நிரப்பவே கூடாது. ஞாபகம் நாம் எதிர்பார்ப்பதைத்தான் எடுத்துக் கொடுக்கும். போகாத நாளை வெற்றாக விடுங்கள், அதோடு "போகவில்லை" என்று எழுதுங்கள். போய்ப் பார்த்து ஒரு பறவையும் இல்லை என்றால் அதை வேறு மாதிரி, "போனேன், ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், பதிவே இல்லாததற்கும் சைபருக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பறவைப் பதிவில் இந்தச் சைபர் மிகவும் உபயோகமானது, நாமக்கோழி எந்த வாரம் காணாமல்போனது என்பதை அதுதான் காட்டும்.

இடைவெளிகளில் எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்று, அது ஆபரேஷன் நடந்த இரண்டு மாசம் இல்லை, மார்ச். அது ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் விழுகிற ஓட்டை. வடக்கிலிருந்து நம் பக்கம் வரும் நீலச்சிறகி மாதிரியான வாத்துகளும் உள்ளான்களும் திரும்பிக் கிளம்புகிற காலம் அது, தண்ணீரும் அப்போதுதான் வேகமாக வற்றும். வாத்துகள் முதலில் போகின்றனவா, தண்ணீர் முதலில் போகிறதா என்று உங்கள் நோட்டைக் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அதனால் மார்ச்சில் தினமும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் போங்கள். மற்ற நாட்களிலும் நின்ற நேரத்தை எழுதுங்கள், பத்து நிமிஷமா இருபதா என்று. மடையில் எந்தப் படி வரை தண்ணீர் நிற்கிறது என்பதையும் ஒரு வரி எழுதிவிட்டால், மூன்று வருஷம் கழித்து அந்த வரிதான் மற்ற வரிகளுக்கெல்லாம் அர்த்தம் கொடுக்கும்.

பழைய நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் என்ற இணையதளத்தில் பழைய தேதிப் பட்டியல்களையும் ஏற்றலாம், ஆனால் தேதியும் இடமும் தெளிவாக இருப்பதை மட்டும் ஏற்றுங்கள்.

முடிந்தால் டார்வினின் அந்த மண்புழுப் புத்தகத்தையும் பாருங்கள், ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் இரண்டு அத்தியாயத்தை மகளோடு சேர்ந்து படியுங்கள். புழுக்களைத் தொட்டியில் வளர்த்து, அவற்றுக்குக் காது கேட்குமா என்று மகனை விட்டு பசூன் என்கிற ஊதுகுழலை வாசிக்கச் சொல்கிறார், அவை கண்டுகொள்ளவில்லை. தொட்டியைப் பியானோ மேல் வைத்துக் கட்டையை அழுத்தியதும் அதிர்வு பட்டு வளைக்குள் ஓடிவிடுகின்றன. இலையை எந்த முனையைப் பிடித்து இழுக்கின்றன என்று பார்க்க, காகிதத்தில் முக்கோணம் வெட்டி, ஈரத்தில் ஊறிப்போகாமல் இருக்கக் கொழுப்பைத் தடவிப் போட்டுவைக்கிறார். 303 முக்கோணங்களை எண்ணியிருக்கிறார், அதில் 62 சதவீதம் கூர்முனை வழியாக உள்ளே போயிருந்தன. ரோமானியர் காலத்துக் கட்டடங்கள் மண்ணில் புதைந்ததைப் பற்றிய பகுதி கொஞ்சம் நீளம், அதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

அன்புடன்.