வண்டியின் முடுக்கம்: கேட்டவைகளும் பதில்களும்

கார் ஒன்று ஓய்விலிருந்து கிளம்பி 8 வினாடியில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. முடுக்கம், அதாவது வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று காண, 72-ஐ 8-ஆல் வகுத்து 9 என்று எழுதினேன். தப்பு என்கிறார்கள். ஏன் சார்?

வகுத்தது சரிதான் தம்பி, அலகுதான் காலை வாரிவிட்டது. வேகம் மணிக்கணக்கில் இருக்கிறது, நேரம் வினாடிக்கணக்கில். கி.மீ./மணியை 3.6-ஆல் வகுத்தால் மீ/வி, அதாவது வினாடிக்கு இத்தனை மீட்டர் என்பது கிடைக்கும். 72 என்பது 20 மீ/வி. இருபதை எட்டால் வகுத்தால் 2.5 மீ/வி². அதற்காக உன் 9 அர்த்தமில்லாத எண் இல்லை. ஒவ்வொரு வினாடியும் மணிக்கு 9 கி.மீ. வேகம் கூடுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அலகை எழுதாமல் விட்டதுதான் பிழை.

வினாடிக்கு வர்க்கம் எப்படி வந்தது?

ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பாருங்கள். அதே காரில் முள் முதல் வினாடி முடிவில் 9, அப்புறம் 18, 27 என்று ஏறும். முள் நிற்கும் இடம் வேகம். முள் நகரும் விரைவு முடுக்கம். வேகத்திலேயே ஒரு ‘வினாடிக்கு’ இருக்கிறது, அது மாறுவதையும் வினாடிக்கு இவ்வளவு என்கிறோம். அதனால் ‘வினாடிக்கு’ இரண்டு முறை வருகிறது, அதுதான் அந்த வர்க்கம். நேர்சாலையில் முள் 120-இல் அசையாமல் நின்றால் முடுக்கம் பூஜ்யம்.

நேரமே தராமல், 72 கி.மீ. வேகத்தில் வந்த கார் 40 மீட்டரில் நின்றது என்கிறார்கள். எப்படிப் போடுவது?

இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × தூரம். 0 = 400 + 80 × முடுக்கம். விடை −5 மீ/வி². சூத்திரம் மறந்தாலும் பரவாயில்லை: சீராகக் குறைந்தால் சராசரி வேகம் 10 மீ/வி, 40 மீட்டருக்கு 4 வினாடி, 20 ÷ 4 = 5.

இந்தக் கணக்கை விடையோடு விட்டுவிடாதீர்கள். இதே பிரேக்கில் 36 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால் 10 மீட்டரே போதும். வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு! கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆனால், 72-இல் அதற்குள்ளேயே இன்னொரு 20 மீட்டர் போய்விடும். வண்டி ஓட்டப்போகிற ஒவ்வொரு பிள்ளையும் இதை ஒருமுறை தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

மைனஸ் வந்தால் பிரேக் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எப்போதும் இல்லை. முன்னோக்கிய திசையை பிளஸ் என்று வைத்தால், ரிவர்ஸில் வேகம் கூட்டும் வண்டிக்கும் முடுக்கம் மைனஸ்தான்.

வளைவில் வேகம் மாறாமல் போனால் முடுக்கம் இல்லைதானே?

இருக்கிறது. திசை மாறுகிறதே! 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 36 கி.மீ. வேகம், அதாவது 10 மீ/வி என்றால், 10-இன் வர்க்கத்தை 20-ஆல் வகுங்கள்: 5 மீ/வி², வளைவின் மையத்தை நோக்கி. மேலே அந்தக் கார் பிரேக் போட்டதே, அதே அளவு. உடம்பு ஒருபக்கம் சாய்வது இதனால்தான்.